பூட்டு இருக்கிறது; பொறுப்பு எங்கே?

"துப்பாக்கியில்தான் சேப்டி இருக்கிறதே, பிறகென்ன பயம்?" என்று கேட்போர் உண்டு. மாதவரத்துக் கிடங்கு வாசலிலும், ஏ.டி.எம்.முக்குப் பணம் கொண்டுவரும் வண்டியின் ஓரத்திலும், காவல் நிலையப் படிக்கட்டிலும் நம் தோழர்கள் அன்றாடம் துப்பாக்கிக்கு அருகேதான் நடமாடுகிறார்கள். ஆகவே இது நமக்குத் தொடர்பற்ற சங்கதியல்ல.

2023 டிசம்பர் 8. உத்தரப்பிரதேசத்தின் அலிகார் நகரம். பாஸ்போர்ட் வேலையாகக் காவல் நிலையத்துக்கு வந்து நின்றார் ஒரு பெண்மணி. சக காவலர் தந்த பிஸ்டலை வாங்கினார் சப்-இன்ஸ்பெக்டர்; அது வெடித்தது. தலையில் குண்டு பாய்ந்த அந்த அம்மையார் பிறகு மருத்துவமனையில் மாண்டார். மறு ஆண்டு அக்டோபர் 1 அன்று மும்பையில் நடிகர் கோவிந்தாவின் லைசென்சு பெற்ற ரிவால்வர் வெடித்து, அவர் காலிலேயே குண்டு பாய்ந்தது. கை தவறி விழுந்து வெடித்தது என்றார்கள்.

அப்படியானால் பூட்டு பயனற்றதா? அல்ல! பழைய ரிவால்வர்கள் பலவற்றில் சுத்தியல் தோட்டாவின் மேலேயே சாய்ந்திருக்கும். கீழே விழும் அடியொன்றே வெடிக்கப் போதும். 1944இல் அமெரிக்கக் கப்பலொன்றில் கீழே விழுந்த ரிவால்வர் ஒரு மாலுமியின் உயிரைக் குடித்தது. அதிலும் தடுப்பு உண்டு. அது வேலை செய்யவில்லை! அதன்பின்னரே, விசையை முழுதும் இழுத்தாலன்றிச் சுத்தியல் தோட்டாவைத் தொடாதபடி புதிய தடுப்பை அமைத்தனர். இன்றைய கிளாக் பிஸ்டலில் மூன்று தடுப்புகள் உள்ளே இருக்கின்றன. ஆனால் விசையில் விரல் பட்டு இழுத்தால் மூன்றும் விலகி வழிவிடும். மேகசினைக் கழற்றிய பிறகும் குழலுக்குள் ஒரு தோட்டா தங்கியிருக்கலாம். "காலி" என்று நம்பியவன் கையில் அதுவே எமன்.

மிஷினில் கை போனால் "தொழிலாளியின் அஜாக்கிரதை" என்பார் முதலாளி. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் அதோடு விடவில்லை. ஆபத்தான பாகத்துக்கு வேலி போடு, அந்த வேலியை எந்நேரமும் பழுதின்றி வைத்திரு என்றது. லேத்துக்கும் பிரஸ்ஸுக்கும் உள்ள நியாயம் துப்பாக்கிக்கு மட்டும் இல்லையா என்று கேட்கிறோம்.

சர்க்காருக்கு நாம் சொல்வது இது: காவலர் கையிலும் வாட்ச்மேன் கையிலும் உள்ள பழந்துப்பாக்கிகளைச் சோதியுங்கள், பழுதானதைத் திரும்பப் பெறுங்கள். கைமாற்றும் முன் குழலைத் திறந்து பார்ப்பதைக் கண்டிப்பான விதியாக்குங்கள். வெடித்தால், "கை தவறியது" என்ற இரண்டு சொல்லில் கோப்பை மூடாதீர்கள். விசாரணை முடிவை மக்கள் முன் வையுங்கள்.

காவல் வேலை பார்க்கும் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை: எந்தத் துப்பாக்கியும் காலியல்ல என்றே எண்ணுங்கள், வாயை மனிதர் பக்கம் திருப்பாதீர்கள், விரலை விசையில் வைக்காதீர்கள்.

இரும்புப் பூட்டு இரும்பைத் தடுக்கும், விரலைத் தடுக்காது. விரலுக்குப் பூட்டு பொறுப்புணர்ச்சி ஒன்றே!