தொப்பூர் இறக்கமும் டீசல் கணக்கும்

தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்தால், டிரைவர் நியூட்ரலில் இறக்கினான், பிரேக் பிடிக்கலை என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். ஏன் நியூட்ரல் போட்டான்னு எவனாவது கேட்டானா?

எங்க சேரி அண்ணன் ஒருத்தர் லாரி ஓட்டுகிறார். லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர்னு முதலாளி கணக்கு. மைலேஜ் குறைஞ்சா நடைக்காசில் பிடித்தம். பாரம், மேடு, டோல்கேட் வரிசை எதுவும் அந்தக் கணக்கில் வராது. இறக்கத்தில்தான் அவர் டீசலை மிச்சம் பிடிக்கணும். உயிரை வச்சு.

வீடு கட்டக் கடன் கேட்டு என் வங்கிக் கவுண்டருக்கு வந்தார். லாரிக்குக் கடன் எழுதுற கையால, சம்பளச் சீட்டு கொண்டாங்கண்ணே என்றேன். சிரித்தார். மாசச் சம்பளமே இல்லாதவருக்குச் சீட்டு ஏது? நடை போனாத்தான் காசு. பிள்ளைக்குக் காய்ச்சல்னு நாலு நாள் வீட்டில் தங்கினா நாலு நாளும் பட்டினிக் கணக்கு.

1961-இல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளைக்கு 8 மணி நேரம், தூர ஓட்டம்னா 10 என்று சொல்லிச்சு. ஆனா 5 தொழிலாளருக்குக் குறைஞ்ச இடத்துக்கு அது தானாகப் பொருந்தலை. ஒத்த லாரி முதலாளிகள் நிறைஞ்ச தொழிலில் இப்படியொரு சட்டம்!

முதல்ல மாசச் சம்பளம் கொடுக்கட்டும். அப்புறம் நியூட்ரலைப் பத்திப் பாடம் எடுக்கட்டும்.