தள்ளாடுகிறவருக்கு இன்னொரு கிளாஸா?

கால் தரையில் நிற்கவில்லை. நாக்கு குழறுகிறது. கவுண்டரைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் ஒண்ணு ஊத்துப்பா" என்கிறார் ஒருவர். மறுபேச்சில்லாமல் ஊற்றிக் கொடுக்கிறார் கடை ஊழியர். அப்புறம் அந்த ஆள் படிக்கட்டில் உருண்டாலும் சரி, காரை எடுத்துப் போய் யார் மேலாவது ஏற்றினாலும் சரி, பழி குடித்தவர் தலையில்தான். ஊற்றிக் கொடுத்தவருக்கு ஒன்றும் இல்லையா?

உண்டு என்று இங்கிலாந்து எப்போதோ சட்டம் போட்டுவிட்டது. போதையில் இருப்பவருக்கு மது விற்றால் கடைக்காரருக்கு அபராதம் என்றது 1872-ஆம் ஆண்டு லைசென்ஸ் சட்டம். குடித்துவிட்டு ரோட்டில் மாடு ஓட்டிப் போவதும் அதே சட்டத்தில் குற்றம்! 1884-ல் ஒரு வழக்கு. வந்தவர் குடித்திருந்ததைக் கடைக்காரர் கவனிக்கவில்லை. கோர்ட் விடவில்லை. கவனிக்காததும் உன் பொறுப்புதான் என்று தண்டனையை உறுதி செய்தது.

இப்போது நடப்பில் இருப்பது 2003-ஆம் ஆண்டுச் சட்டம். ஊற்றுகிற ஊழியர் முதல் லைசென்ஸ்காரர் வரை யாரும் தப்ப முடியாது. அபராதம் 1,000 பவுண்டு வரை. நம்ம பணத்தில் லட்சத்துக்கும் மேல்! போதையில் இருக்கும் கூட்டாளிக்காக வாங்கிக் கொடுப்பவரும் குற்றவாளிதான்.

ஆனால் சட்டத்துக்குள் ஒரு வார்த்தை புகுந்துகொண்டது. 'தெரிந்தே' விற்றால்தான் குற்றமாம்! போதுமே, "எனக்குத் தெரியாதுங்க" என்று கையை விரித்துவிடலாமே!

விளைவைப் பாருங்கள். 2013-ல் லிவர்பூல் நகரில் ஆராய்ச்சியாளர்கள் நடிகர்களை, நிற்கவே முடியாத குடிகாரர் மாதிரி நடிக்க வைத்து மதுக்கடைகளுக்கு அனுப்பினார்கள். 73 தடவை கேட்டதில் 61 தடவை சரக்கு கிடைத்தது! சில இடங்களில் 'டபுளாக ஊற்றட்டுமா?' என்ற உபசாரம் வேறு.

ஊழியரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. வெள்ளிக்கிழமை ராத்திரி, தோளோடு தோள் இடிக்கும் கூட்டம். "போதும், வீட்டுக்குப் போங்க" என்றால் சட்டையைப் பிடிக்க வருவார். விற்காவிட்டால் முதலாளி கல்லாவைக் காட்டுவார். அந்தப் பையன் என்ன செய்வான்?

அதே லிவர்பூலில் பிறகு ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். கடைகளைக் கண்காணித்தார்கள். போதைக்காரருக்கு விற்பது வெகுவாகக் குறைந்தது. ஆக, மனசு வைத்தால் முடியும். சட்டம் புத்தகத்தில் தூங்கினால் பயனில்லை. யாராவது கடைக்குள் போய்ப் பார்க்க வேண்டும். 'முடியாது' என்று சொல்லும் ஊழியருக்கு முதலாளி துணை நிற்க வேண்டும்.

லைசென்ஸ் என்பது சம்பாதிக்க மட்டும் கொடுத்த சீட்டு அல்ல. எதிரே நிற்பவர் தள்ளாடுவது கண்ணுக்குத் தெரியவில்லை என்றால், அந்தக் கடைக்கு லைசென்ஸ் எதற்கு?