மலக்குடல் புற்றுநோய்: எல்லோருக்கும் அறுவை தேவையா?



மலக்குடல் புற்றுநோய் என்றாலே அறுவை சிகிச்சைதான், அதன்பின் வயிற்றில் பையோடுதான் வாழ்க்கை என்ற அச்சம் நம்மிடையே பரவலாக இருக்கிறது. ஆனால், கீமோதெரபியும் கதிர்வீச்சும் முடிந்தபின் சிலருக்குக் கட்டி முற்றிலும் மறைந்துவிடுகிறது. இவர்களை அறுக்காமல் கண்காணிக்கலாம் என்று பிரேசிலின் சாவ் பாவ்லோ நகர அறுவை நிபுணர் ஆஞ்செலிட்டா ஹபர்-காமா 2004-இல் ஆய்வு முடிவுகளோடு எழுதினார். அன்று பலர் தயங்கினார்கள். இன்று பல நாடுகளில் அது ஏற்கப்பட்ட வழி.

இதில் கவனமும் வேண்டும். இப்படிக் கட்டி மறைந்த 880 பேரின் விவரங்களை 2018-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழ் வெளியிட்டது. இரண்டு ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குக் கட்டி அதே இடத்தில் மீண்டும் வளர்ந்திருந்தது. ஆகவே சில மாதங்களுக்கு ஒருமுறை விரல் பரிசோதனை, எண்டோஸ்கோபி, எம்.ஆர்.ஐ. ஸ்கேன் ஆகியவற்றைத் தவறாமல் செய்தாக வேண்டும். வளர்ச்சியைச் சீக்கிரம் கண்டுபிடித்தால் பெரும்பாலும் அப்போதும் அறுவை செய்துகொள்ள முடியும்.

மருத்துவர்கள் இந்த வழியையும் நோயாளிகளுக்கு விளக்க வேண்டும். நோயாளிகளே, ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் முன், “என் கட்டி முழுதாக மறைந்துவிட்டதா? கண்காணிப்பு எனக்குப் பொருந்துமா?” என்று தயங்காமல் கேளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, திருச்சி