ஜமக்காளத்தில் எண்ணெய்

சென்ற தீபாவளியன்று விடியற்காலையில் நம் வீட்டுக் கூடத்தில் ஒரு சிறு விபத்து நேர்ந்தது. மனைப்பலகையை ஜமக்காளத்தின் மேலேயே போட்டுக் குழந்தைகளுக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தோம். ஒன்பது வயதான நம் இளைய பெண் கிண்ணத்தை இடறிவிட்டாள். மிளகும் சீரகமும் போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய், அரை ஆழாக்குக்குக் குறையாமல், சிவப்புப் பட்டையின் மீது பரவிற்று.

அது நம் தாயாரின் கலியாணத்திற்குப் பவானியிலிருந்து வாங்கி வந்த ஜமக்காளம். 2005-06இல் பவானி ஜமக்காளத்திற்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது, தாமே நெய்தவர் போல அம்மாள் பெருமை பேசியது நினைவிருக்கிறது. இப்போது அவர் இல்லை. ஆகவே நமக்குக் கோபம் வந்துவிட்டது, பெண் அழுதாள். அந்த ஆத்திரத்திலேயே வென்னீரில் சலவைச் சோடாவைக் கரைத்துக் கறையின் மேல் ஊற்றித் தேய்த்தோம்.

படித்தவர்கள் செய்யத்தகாத காரியம் அது. சூட்டில் எண்ணெய் இளகி இன்னும் விரிவாகப் பரவும். தேய்த்தால் நூலுக்குள் ஆழ இறங்கும். பருத்திச் சாயம் பலவற்றுக்கும் காரமுள்ள வென்னீர் ஆகாது. நம் கண்ணெதிரிலேயே சிவப்பு கசிந்து பக்கத்து மஞ்சள் பட்டையில் இறங்கிற்று.

அண்டை வீட்டுப் பாட்டியார் வந்து பார்த்து, "முதலில் அதை விட்டு எழுந்திரும்" என்றார். பிறகு அவர் சொன்ன முறை சாஸ்திரத்துக்கும் ஒத்ததே. எண்ணெய் கொட்டியவுடன் தண்ணீர் காட்டலாகாது. கரண்டியின் விளிம்பால் வழித்தெடுத்து, பழைய வேஷ்டித் துணியை வைத்து அழுத்த வேண்டும். அதன் பின் கடலை மாவையோ முகத்துக்குப் போடும் பவுடரையோ கனமாகத் தூவி ஓர் இரவு விட வேண்டும். நுண்ணிய துகள்களின் இடைவெளிகளில் எண்ணெய் தானே ஏறிக்கொள்ளும். காலையில் மாவு ஈரமாகக் கட்டிப்பட்டிருந்தால் தட்டியெடுத்துவிட்டு மறுபடி தூவுக. உலர்ந்த மாவு உலர்ந்தபடியே வரும் வரையில் பொறுமை வேண்டும். நாம் தண்ணீரை ஊற்றிவிட்டபடியால், இரண்டு நாள் காயவைத்த பிறகே மாவு தூவ முடிந்தது. மாவை மிச்சமின்றித் தட்டாவிட்டால் எறும்பு வந்து சேரும், இதுவும் அனுபவமே.

எஞ்சிய பசைக்குப் பூந்திக்கொட்டை ஊறிய நீர் போதும். அதன் நுரைப் பொருள் ஒரு முனையால் எண்ணெயையும் மறுமுனையால் தண்ணீரையும் பற்றிக்கொள்வதால், இரண்டும் சேர்ந்தே வெளியேறுகின்றன. ஆனால் முதலில் ஒரு மூலையில் நனைத்து, வெள்ளைத் துணியால் ஒற்றிச் சாயம் ஒட்டுகிறதா என்று பார்த்துக்கொள்ளவும். கறையின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கியே துடைக்கவும். நுரை போகக் குளிர்ந்த நீரில் அலசவும். நுரை தங்கினால் அதிலே அழுக்கு ஒட்டும்.

தேங்காயெண்ணெயானால் மார்கழிக் குளிரில் தானே உறைந்துவிடும், சுரண்டியெடுப்பது எளிது. விளக்கெண்ணெய் ஸ்பிரிட்டில் கரையும். அடுப்பும் விளக்கும் இல்லாத இடத்தில் சிறிது பஞ்சில் தொட்டு ஒற்றலாம். மண்ணெண்ணெயைப் பற்றிச் சிலர் யோசனை கூறுவார்கள். ஒரு நாற்றத்தைப் போக்க இன்னொன்றை விலைக்கு வாங்குவானேன்? நெருப்பு பயம் வேறு.

சிக்கு வாடை எங்கிருந்து வருகிறது? நூலில் தங்கிய எண்ணெய் காற்றிலுள்ள பிராணவாயுவுடன் சேர்ந்து கெடுவதனால்தான். சாம்பிராணி அதைச் சற்று நேரம் மறைக்குமேயன்றி மாற்றாது. எண்ணெய் போனாலன்றி வாடை போகாது. மீதியிருக்கும் சிறு வாடைக்கு ஆப்பச்சோடாவை உலர்ந்தபடியே தூவி ஒரு பகல் வைத்துத் தட்டினால் தணியும். பிறகு நிழலில், நல்ல காற்றில், கொடியில் போடுக. கடும் வெயில் சாயத்தை வெளுக்கும்.

எண்ணெய் கொட்டிய இடம் எதுவென்று இப்போது நம்மாலேயே காட்ட முடியவில்லை. மஞ்சள் பட்டையில் இறங்கிய சிவப்பு மாத்திரம் அப்படியே இருக்கிறது. விருந்தினர் எவரேனும் அதைக் கவனித்தால் இளைய பெண், "அது அப்பா போட்ட கோலம்" என்கிறாள்.