எழுதிய கை எது?

ஒரு மாணவனின் விடைத்தாளில் முதற்பக்கம் ஒரு கையெழுத்திலும் மறுபக்கம் வேறொரு கையெழுத்திலும் இருந்தால், "இதை எழுதியது யார்?" என்று ஆசிரியர் கேட்கிறார். அக்கேள்வியில் குற்றம் காண்பார் எவருமிலர். அதே கேள்வியை ஆண்டவன் பெயரால் வழங்கும் ஏட்டைப் பார்த்துக் கேட்டாலோ, நாத்திகன் என்பர். நாவை அடக்கு என்பர். ஏன்? ஏட்டுக்கு எழுத்தாளன் உண்டு என்பது அத்துணை அச்சம் தரும் செய்தியா?

யூதரின் மறையை எடுத்துக்கொள்வோம். அதன் முதல் ஐந்து நூல்களையும் இறைவன் சொல்ல மோசே எழுதினார் என்பது, யூதரும் கிறித்தவரும் நெடுங்காலமாகப் போற்றிவந்த நம்பிக்கை. நம்பிக்கையைச் சற்றே ஒதுக்கிவைத்து நூலைப் பிரிப்போம். ஐந்தாம் நூலாகிய உபாகமத்தின் கடைசி அதிகாரத்தில் மோசே இறக்கிறார். அவரது கல்லறையை இன்றுவரை எவரும் அறியார் என்றும் அங்கே எழுதியிருக்கிறது. இறந்தவரே தம் இறப்பை எழுதினாரா? முதல் நூலாகிய ஆதியாகமத்தின் 36ஆம் அதிகாரமோ, இஸ்ரவேலில் அரசர் தோன்றுமுன் ஏதோமை ஆண்டவர்களைப் பட்டியலிடுகிறது. இஸ்ரவேலுக்கு அரசர் வந்தது மோசேயின் காலத்துக்கு நெடுநாள் பின்னர். அரசரையே அறியாத காலத்தவருக்கு, 'அரசர் தோன்றுமுன்' என்று எழுதத் தோன்றுமா?

தாவீது கோலியாத்தைக் கொன்ற கதையை அறியாதார் யார்? ஆனால் சாமுவேலின் இரண்டாம் நூலினுடைய எபிரேய மூலம், கோலியாத்தைக் கொன்றவன் எல்க்கானான் என்கிறது. அதற்குப் பின்னர் எழுந்த நாளாகம நூலோ, எல்க்கானான் கொன்றது கோலியாத்தின் சகோதரனை என்று மாற்றிச் சொல்கிறது. இவை பகைவர் கற்பித்த பழிகள் அல்ல. மறையே தரும் சான்றுகள்!

கை மட்டுமா தெரிகிறது? கையை இயக்கிய நலனும் தெரிகிறது. கி.மு. 622 அளவில், யோசியா மன்னன் காலத்தில், எருசலேம் கோயிலைப் பழுதுபார்க்கும்போது ஒரு சட்டநூலைக் கண்டெடுத்ததாகத் தலைமைக் குரு இல்க்கியா அறிவித்தார் என்கிறது இராஜாக்களின் நூல். அது படிக்கப்பட்டதும் மன்னன் ஆடையைக் கிழித்துக்கொண்டான். ஊர்தோறும் இருந்த பலிமேடைகளைத் தகர்த்தான். பலி எருசலேமில் மட்டுமே என்றாயிற்று. அந்நூல் உபாகமத்தின் பழைய வடிவமே என்று 1805இல் ஜெர்மானிய அறிஞர் டி வெட்டே வாதிட்டார். ஆய்வாளர் பலர் இன்றும் அவ்வாறே கருதுகின்றனர். பலி ஓரிடத்தில் மட்டும் என்றால் காணிக்கை எங்கே குவியும்? ஊர்க் குருமாரின் பிழைப்பு என்னாகும்? கண்டெடுத்தவர் எந்தக் கோயிலின் தலைவர்? கேட்க வேண்டாமா?

எழுதிய விதத்தை ஒளிக்காமல் சொல்லும் இடமும் அம்மறையில் உண்டு. எரேமியா சொல்லச் சொல்ல, பாருக் எழுதினான். அச்சுருளைப் படிக்கக் கேட்ட யோயாக்கீம் மன்னன், படித்த பகுதிகளைக் கத்தியால் அறுத்து நெருப்பிலிட்டான். மீண்டும் எழுதினர், அப்போது இன்னும் பல சொற்கள் சேர்க்கப்பட்டன என்று நூலே கூறுகிறது. அந்நூலின் கிரேக்க மொழிபெயர்ப்பு, வழக்கிலுள்ள எபிரேய வடிவத்தினும் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு சிறியது. மொழிபெயர்த்தவரே சுருக்கிவிட்டார் என்று சமாதானம் சொன்னோருக்குச் சாக்கடலோரக் குகைகள் விடை தந்தன. 1947 முதல் கும்ரானில் வெளிப்பட்ட சுருள்களிடையே, எரேமியாவின் நீண்ட வடிவமும் குறுகிய வடிவமும், இரண்டும் எபிரேயத்திலேயே, ஒரே குகையில் கிடைத்தன!

இந்த முரண்களைக் கண்டவர்களுள் முன்னோடிகள் யூதரே. 12ஆம் நூற்றாண்டு உரையாசிரியர் இபன் எஸ்ரா அவற்றைப் புதிர்போல் சுட்டிவிட்டு, அறிந்தவன் வாய்மூடியிருக்கட்டும் என நிறுத்திக்கொண்டார். வாய்மூட மறுத்தவர் ஸ்பினோசா. 1656இல், 23 வயதிலேயே, ஆம்ஸ்டர்டாம் யூத சபையால் விலக்கப்பட்டவர் அவர். ஐந்நூலை எழுதியவர் மோசே அல்லர் என்று 1670இல் தம் பெயரின்றி வெளியிட்ட நூலில் வாதிட்டார். 1674இல் ஹாலந்து அந்நூலைத் தடை செய்தது. கிறித்தவ சபை மட்டும் சளைத்ததா? அபர்தீனில் எபிரேயம் கற்பித்த ராபர்ட்சன் ஸ்மித், இத்தகைய ஆராய்ச்சியைக் கலைக்களஞ்சியத்தில் எழுதினார். அதனால் எழுந்த வழக்கில் 1881இல் ஆசிரியப் பதவியை இழந்தார். விடையளிக்க இயலாதவர்கள் வேலையைப் பறித்தனர்!

தோழர்களே! "எல்லாம் பொய், எறி குப்பையில்" என்போர் நம்மிடையேயும் உண்டு. அவர்களுக்கும் ஒரு சொல். கி.மு. 586 அளவில் எருசலேம் எரிந்தது. மக்கள் பாபிலோனுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். நாடிழந்த அம்மக்கள், சிதறிய நினைவுகளைத் திரட்டி, ஒன்றுக்கொன்று மாறுபட்ட கதைகளையும் அழிக்காமல் அருகருகே வைத்துத் தைத்தனர். அது மனித உழைப்பு, மதிக்கத்தக்க உழைப்பு. ஆகவே குற்றம் அவர்கள் எழுதியதில் இல்லை. எழுதிய கையை மறைத்து, கேட்ட வாயை அடைத்தார்களே, அங்கேதான் இருக்கிறது!

படிக்காமல் பணிவதும், படிக்காமல் பழிப்பதும் ஒரே மடமையின் இரு முகங்கள். எந்த மறையாயினும் விரித்துப் படியுங்கள். யார் எழுதினார்? எப்போது எழுதினார்? எவர் நலனுக்கு எழுதினார்? இம்மூன்றையும் அஞ்சாமல் கேளுங்கள்!