லிட்டருக்கு 60 கி.மீ. தருமா பிளக்-இன் ஹைபிரிட் எஸ்யூவி? சென்னை - குற்றாலம் கணக்கு சொல்வது என்ன?

ஜூன் மாதம் சாரல் தொடங்கிவிட்டால் தமிழ்நாட்டின் எல்லா மூலைகளில் இருந்தும் கார்கள் தென்காசி பக்கம் திரும்பும். சென்னையில் இருந்து குற்றாலம் சுமார் 620 கி.மீ. குடும்பத்தோடு எஸ்யூவியில் கிளம்பினால் அறை வாடகைக்கு அடுத்த பெரிய செலவு பெட்ரோல்தான்.

அதனால்தான் "லிட்டருக்கு 60 கி.மீ." என்ற விளம்பரத்தைப் பார்த்தால் யாருக்கும் ஒரு கணம் ஆசை வரும். பிளக்-இன் ஹைபிரிட் எஸ்யூவிகளுக்கு இப்படிப்பட்ட மைலேஜ்தான் ஆவணங்களில் சொல்லப்படுகிறது. 2022 டிசம்பரில் 2.60 கோடி ரூபாய் விலையில் இந்தியாவுக்கு வந்த பி.எம்.டபிள்யூ எக்ஸ்.எம். சுமார் 2.7 டன் எடை கொண்டது. அதற்கும் 60 கி.மீ.க்கு மேல் என்றுதான் கணக்கு.

இது பொய்யா? பொய் இல்லை. ஆனால் குற்றாலம் போகிறவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. ஏன் என்று பார்ப்போம்.

பிளக்-இன் ஹைபிரிட் என்றால் என்ன?

நம் ஊர் சாலைகளில் அதிகம் பார்க்கும் டொயோட்டா ஹைரைடர், மாருதி கிராண்ட் விட்டாரா, இன்னோவா ஹைகிராஸ் ஆகியவற்றின் ஹைபிரிட் மாடல்கள் "ஸ்ட்ராங் ஹைபிரிட்" வகை. அவற்றில் பேட்டரி சின்னது. பிரேக் பிடிக்கும்போதும் இன்ஜின் ஓடும்போதும் தானாகவே சார்ஜ் ஆகிக்கொள்ளும். பிளக் கிடையாது.

பிளக்-இன் வகையில் பேட்டரி பல மடங்கு பெரியது. வீட்டு பிளக்கில் சொருகி சார்ஜ் போடலாம். முழு சார்ஜில், மாடலைப் பொறுத்து, 50 முதல் 80 கி.மீ. வரை பெட்ரோலே இல்லாமல் ஓடும். அதன்பிறகு பெட்ரோல் இன்ஜின் வேலைக்கு வந்துவிடும். எலக்ட்ரிக் கார் மாதிரி வழியில் சார்ஜ் தீர்ந்துவிடுமோ என்ற பயம் இல்லை. இதுதான் இதன் பெரிய பலம்.

அந்த 60 கி.மீ. எங்கிருந்து வருகிறது?

சோதனைக்கூடத்தில் காரை இரண்டு முறை ஓட்டிப் பார்க்கிறார்கள். முதலில் பேட்டரி நிறைந்த நிலையில். அடுத்து பேட்டரி தீர்ந்த நிலையில். பிறகு, "இந்தக் காரை வாங்குபவர் எவ்வளவு தூரத்தைக் கரன்ட்டிலேயே ஓட்டுவார்?" என்று ஒரு அனுமானம் வைத்து இரண்டையும் கலந்து ஒரே எண்ணாகச் சொல்கிறார்கள்.

விவகாரம் அந்த அனுமானத்தில்தான். 80 கி.மீ. எலக்ட்ரிக் ரேஞ்ச் உள்ள கார் என்றால், மொத்த ஓட்டத்தில் 80 சதவீதத்துக்கும் மேல் கரன்ட்டில்தான் ஓடும் என்று ஐரோப்பிய விதி எடுத்துக்கொண்டது. தினமும் வீட்டில் சார்ஜ் போட்டு, உள்ளூரிலேயே ஓட்டுபவருக்கு இது சரி. 620 கி.மீ. ஒரே மூச்சில் போகிறவருக்கு?

ஒரே கார், ஒரே அருவி, மூன்று மைலேஜ்

ஒரு நடுத்தர அளவு பிளக்-இன் எஸ்யூவியை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். முழு சார்ஜில் 80 கி.மீ. ஓடும், பேட்டரி தீர்ந்தபின் லிட்டருக்கு 14 கி.மீ. தரும் என்று வைத்துக்கொள்வோம்.

சென்னையில் இருந்து கிளம்பினால் முதல் 80 கி.மீ. கரன்ட். மீதி 540 கி.மீ. பெட்ரோல். அதற்கு சுமார் 38.6 லிட்டர் ஆகும். மொத்த தூரத்தையும் வகுத்தால் லிட்டருக்கு 16 கி.மீ.

மதுரையில் இருந்து கிளம்பினால் குற்றாலம் சுமார் 160 கி.மீ. பாதி கரன்ட், பாதி பெட்ரோல். 5.7 லிட்டர் போதும். மைலேஜ் 28 கி.மீ.

திருநெல்வேலியில் இருந்து ஆலங்குளம், பாவூர்சத்திரம் வழியாக வந்தால் சுமார் 60 கி.மீ.தான். ஒரு சொட்டு பெட்ரோல் வேண்டாம். இரவு தங்கும் இடத்தில் சார்ஜ் போட்டால் திரும்பும்போதும் அப்படியே.

கார் மாறவில்லை, ஓட்டுபவர் மாறவில்லை. மாறியது கிளம்பிய ஊர் மட்டும். அதனால் "இந்த கார் எவ்வளவு மைலேஜ் தரும்?" என்று கேட்பதைவிட, "எங்கிருந்து எங்கே, எத்தனை கி.மீ.க்கு ஒருமுறை சார்ஜ்?" என்று கேட்பதுதான் சரி.

சென்னைக்காரருக்கு மிச்சம் எவ்வளவு?

சார்ஜே போடாமல் கிளம்பியிருந்தால் சென்னை - குற்றாலத்துக்கு 44.3 லிட்டர் ஆகியிருக்கும். சார்ஜ் போட்டதால் மிச்சம் 5.7 லிட்டர். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்றால் 570 ரூபாய். 80 கி.மீ. ஓட சுமார் 20 யூனிட் மின்சாரம் தேவை. யூனிட் 10 ரூபாய் என்று போட்டால் 200 ரூபாய். கையில் நிற்பது 370 ரூபாய்.

இதே கார் சென்னைக்குள் தினமும் 30 கி.மீ. அலுவலகம் போய் வருகிறது என்றால், 22 நாளில் 660 கி.மீ. முழுக்கக் கரன்ட்டில் ஓட்டினால் 47 லிட்டர் பெட்ரோல் மிச்சம். அதாவது சுமார் 4,700 ரூபாய். மின்சாரச் செலவு 1,650 ரூபாய். மாதம் 3,000 ரூபாய்க்கு மேல் மிச்சம்.

ஆக, இந்தக் காரின் லாபம் குற்றாலம் ரோட்டில் இல்லை. தினசரி ஓட்டத்தில்தான் இருக்கிறது.

நெடுஞ்சாலையில் ஏன் மைலேஜ் குறைகிறது?

முதல் காரணம் எடை. பேட்டரி தீர்ந்தபிறகும் அதன் பாரம் குறையாது. இரண்டு குவிண்டால் அளவுக்குக் கூடுதல் சுமையைப் பெட்ரோல் இன்ஜின்தான் இழுக்க வேண்டும்.

இரண்டாவது வேகம். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 80 கி.மீ. வேகத்தில் இருந்து 100-க்குப் போனால் அந்த எதிர்ப்பு 56 சதவீதம் கூடும். உயரமான எஸ்யூவிக்கு அடி இன்னும் பலம். மேலே லக்கேஜ் கட்டினால் சொல்லவே வேண்டாம்.

மூன்றாவது பிரேக். நகரத்தில் அடிக்கடி பிரேக் பிடிக்கும்போது வீணாகும் ஆற்றலை ஹைபிரிட் திரும்பப் பிடித்து பேட்டரியில் சேர்க்கும். திருச்சி நான்கு வழிச்சாலையில் ஒரே சீராகப் போகும்போது பிடிக்க எதுவும் இல்லை. ஸ்ட்ராங் ஹைபிரிட் கார்களும் நகரத்தில் பளிச்சென்று ஜெயித்து, ஹைவேயில் சாதாரணமாகத் தெரிவது இதனால்தான்.

சார்ஜை எங்கே செலவழிப்பது?

பலர் செய்யும் தவறு, கிளம்பிய உடனே முழு பேட்டரியையும் ஹைவேயில் காலி செய்வது. பெட்ரோல் இன்ஜின் நன்றாக வேலை செய்யும் இடமே சீரான நெடுஞ்சாலைதான். அது மோசமாகக் குடிக்கும் இடம், ஊர்ந்து போகும் நெரிசல். கரன்ட்டுக்கு நேர் எதிர்.

எனவே தாம்பரம், கூடுவாஞ்சேரி நெரிசலைத் தாண்டும்வரை கொஞ்சம் கரன்ட். பிறகு "சேவ்" அல்லது "ஹோல்டு" மோடு போட்டு பேட்டரியைப் பத்திரப்படுத்தலாம். ராஜபாளையம் தாண்டியதும் சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர் என்று வரிசையாக ஊர்கள். வேகம் தானாகவே குறையும். சீசன் நேரத்தில் தென்காசியில் இருந்து மெயின் அருவி, ஐந்தருவி வரை கார்கள் நகர்வதே கஷ்டம். மீதி சார்ஜ் அங்கேதான் முழுப் பலன் தரும். புகையும் இல்லை.

ஒரு எச்சரிக்கை: சில கார்களில் ஓடும்போதே இன்ஜினை வைத்து பேட்டரியை நிரப்பும் "சார்ஜ்" மோடு உண்டு. அந்தக் கரன்ட் இலவசம் இல்லை, பெட்ரோலை எரித்து வருவது. வீட்டு மின்சாரத்தைவிட விலை கூடுதல்.

தங்கும் இடத்தில் ஏ.சி.க்குப் போடும் 16 ஆம்ப்ஸ் பிளக் போதும். 20 யூனிட் ஏற 7 மணி நேரம் வரை ஆகும், இரவில் போட்டால் காலையில் தயார். ஆனால் முன்கூட்டியே கேட்டுவிட்டு அறை போடுவது நல்லது. சாதாரண எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வைத்து ஜன்னல் வழியாக ஒயர் இழுப்பது ஆபத்து, அதுவும் சாரல் மழையில்.

ஐரோப்பா பட்ட பாடம்

இது கார் வாங்குபவர் கவலை மட்டும் இல்லை. 2021-ல் பதிவான கார்களில் இருந்து எடுத்த தரவுகளை ஐரோப்பிய ஆணையம் 2024 மார்ச்சில் வெளியிட்டது. பிளக்-இன் ஹைபிரிட்கள் வெளியிடும் கார்பன், சோதனைக்கூடக் கணக்கைவிட சராசரியாக 3.5 மடங்கு. சாதாரண பெட்ரோல், டீசல் கார்களில் இந்த வித்தியாசம் 20 சதவீதம் அளவுதான்.

2022-ல் ஐ.சி.சி.டி., ஃபிரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனங்கள் இணைந்து செய்த ஆய்வில், சொந்தமாக வாங்கியவர்கள் 45 முதல் 49 சதவீத தூரத்தைக் கரன்ட்டில் ஓட்டினார்கள். கம்பெனி கொடுத்த கார்களில் அது 11 முதல் 15 சதவீதம்தான். பெட்ரோல் செலவைக் கம்பெனி ஏற்கிறது, பிறகு யார் மெனக்கெட்டு சார்ஜ் போடுவார்? பிரிட்டன் 2018-லேயே இந்தக் கார்களுக்கான மானியத்தை நிறுத்தியது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 முதல் புதிய மாடல்களுக்கான கணக்கைக் கடுமையாக்கியிருக்கிறது.

இந்தியா என்ன செய்யப் போகிறது?

2025 செப்டம்பர் 22 முதல் அமலான ஜி.எஸ்.டி. மாற்றத்தில் பெரிய ஹைபிரிட் எஸ்யூவிகளுக்கு 40 சதவீதம், எலக்ட்ரிக் கார்களுக்கு 5 சதவீதம் வரி. ஹைபிரிட்டுக்கும் குறைக்க வேண்டும் என்ற கோரிக்கை தொடர்கிறது. குறைத்தால் பிளக்-இன் கார்கள் நடுத்தரக் குடும்பத்துக்கும் எட்டலாம். ஆனால் சலுகையை எதை வைத்துக் கொடுப்பது? காகிதத்தில் உள்ள 60 கி.மீ.யை வைத்தா, சாலையில் கிடைக்கும் 16 கி.மீ.யை வைத்தா? ஏட்டுச் சுரைக்காய்க்கு வரிப்பணத்தைக் கொடுத்த அனுபவம் ஐரோப்பாவுக்கு ஏற்கெனவே இருக்கிறது.

அப்போ யாருக்கு லாபம்?

வீட்டில் பார்க்கிங், பக்கத்திலேயே பிளக், தினம் 80 கி.மீ.க்குள் ஓட்டம், வருடத்தில் இரண்டு மூன்று நெடும்பயணம். இப்படி இருப்பவருக்கு பிளக்-இன் நல்ல தேர்வு. அடுக்குமாடிக் குடியிருப்பில் சார்ஜ் போட வழி இல்லாதவருக்கும், மாதம் முழுக்க ஹைவேயிலேயே ஓடுபவருக்கும் அது கூடுதல் விலை கொடுத்து வாங்கிய கனமான பெட்ரோல் கார்தான்.

ஷோரூமில் மைலேஜ் கேட்கும்போது இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: "பேட்டரி தீர்ந்தபிறகு லிட்டருக்கு எவ்வளவு?" குற்றாலம் ரோட்டில் கூட வரப்போவது அந்த எண்தான்.