குட்டி ஆப்பிரிக்காவில் யாருக்கும் யாருக்கும் சண்டை?

கேமரூன்னு சொன்னதும் ஃபுட்பால் பைத்தியங்களுக்கு 1990 உலகக்கோப்பைதான் ஞாபகம் வரும். முதல் மேட்ச்லயே மாரடோனாவோட அர்ஜென்டினாவுக்கு ஆப்பு வெச்ச டீம். 38 வயசுல கோல் போட்டுட்டு, கார்னர் கொடிகிட்ட போய் இடுப்பை ஆட்டின ரோஜர் மில்லா. மத்தவங்களுக்கு 2010ல ஷகீரா பாடின 'வாக்கா வாக்கா'. அந்தப் பல்லவியே கேமரூன்காரங்களோடதுதான் மக்களே, அந்த ஊர் அதிபரோட காவல்படை ஆளுங்க 1986ல போட்ட 'ஸங்கலேவா' பாட்டுலேர்ந்து எடுத்தது. (இது தெரிஞ்ச அன்னைக்கு ஆபீஸ்ல நாலு பேரைப் பிடிச்சு வெச்சு சொல்லி போரடிச்சேன்.)

சரி, மேட்டருக்கு வரேன். அந்த நாட்டைப் பத்தின எந்தச் சுற்றுலா விளம்பரத்தைப் பார்த்தாலும் 'குட்டி ஆப்பிரிக்கா'ன்னு ஒரு வரி இருக்கும். ஒரு கண்டத்துல இருக்கிறதெல்லாம் ஒரே நாட்டுக்குள்ள இருக்காம். பொய்யில்லை. கடலோரமா நாலாயிரம் மீட்டருக்கு மேல நிக்கிற கேமரூன் மலை, இன்னும் நெருப்பு கக்கற எரிமலை. அது அடிவாரத்துல டெபுன்ஷான்னு ஒரு கிராமம். வருஷத்துக்கு 10,000 மில்லிமீட்டர் மழை, அதாவது சென்னை மழையைப் போல ஏழு மடங்கு! அங்கேர்ந்து வடக்கால ஆயிரம் கிலோமீட்டர் போனா சாட் ஏரி ஓரம், புழுதி பறக்கற வறண்ட பூமி. முஸ்கும் ஜனங்க அங்கே முட்டையை நிமிர்த்தி வெச்ச மாதிரி மண்ணுல வீடு கட்டறாங்க. தென்கிழக்குக் காட்டுல கொரில்லா, அதே காட்டை நம்பி வாழற பாக்கா மக்கள். உலகத்திலேயே பெரிய தவளை, மூணு கிலோ தேறும், அதுவும் இங்கேதான். பேருகூட வேடிக்கை. 15ஆம் நூற்றாண்டுல வந்த போர்ச்சுகீசியக் கப்பல்காரங்க ஆத்துல இறால் மொய்க்கறதைப் பார்த்து 'இறால் ஆறு'ன்னு வெச்சதுதான் கமராவ்ங், கேமரூன்னு ஆகிப்போச்சு. மொழிகள் 250க்கு மேல.

விளம்பரம் இதோட நின்னுடும். எனக்குக் கடுப்பு ஆரம்பிக்கறது இதுக்கு அப்புறம்தான்.

ஏன்னா இதே குட்டி ஆப்பிரிக்காவுல 2017லேர்ந்து ஒரு உள்நாட்டுப் போர். 6,000 பேருக்கு மேல செத்திருக்காங்க, அஞ்சு லட்சத்துக்கு மேல வீடு வாசலை விட்டு ஓடியிருக்காங்க. இதைக் கேட்டதும் நம்மாளு ஒருத்தர் உடனே சொல்வார்: "250 மொழி இருந்தா அடிச்சுக்காம என்ன பண்ணுவாங்க?" அப்படி நினைக்கறது சுத்தத் தப்பு. சண்டை அந்த 250 மொழியில எதுக்கும் எதுக்கும் நடுவுல இல்லை. பிரெஞ்சு ஆட்சிப் பகுதிக்கும் இங்கிலீஷ் ஆட்சிப் பகுதிக்கும் நடுவுல! அந்த ஊர்ல பிறக்காத ரெண்டு மொழிகள் பேருல.

கதை இதுதான். 1884லேர்ந்து ஜெர்மன்காரன் ஆண்ட பூமி. முதல் உலகப்போர்ல அவனைத் துரத்திட்டு 1916ல பிரிட்டனும் பிரான்சும் கோடு போட்டுப் பிரிச்சுக்கிட்டாங்க. கோடு எங்கே போச்சுன்னு பாருங்க, புல்வெளி மேட்டு நாட்டைக் குறுக்கால அறுத்துட்டுப் போச்சு. இந்தப் பக்கம் பாமிலேக்கே, அந்தப் பக்கம் பமெண்டா ஊர்க்காரங்க. ரெண்டு பேரும் உறவுமுறை மொழிகள் பேசறவங்க, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி சிற்றரசர்கள், விசேஷத்துக்கு ஒரே அவுரி நீலத் துணி. ஆனா நாப்பத்தஞ்சு வருஷத்துல ஒருத்தர் பிள்ளைக்குப் பிரெஞ்சுப் பள்ளிக்கூடம், பிரெஞ்சுச் சட்டம். இன்னொருத்தர் பிள்ளைக்கு இங்கிலீஷ் பள்ளிக்கூடம், இங்கிலீஷ் கோர்ட்டு.

1960 ஜனவரியில பிரெஞ்சுப் பகுதிக்கு விடுதலை. 1961ல பிரிட்டிஷ் பகுதியோட தென்பாதி வாக்கெடுப்புல கேமரூனோட சேர்றோம்னு சொல்லுச்சு (தனி நாடுங்கிற வாய்ப்பே சீட்டுல கிடையாது, நைஜீரியாவா கேமரூனான்னு மட்டும்தான் கேட்டாங்க). எப்படிச் சேர்றதுன்னு பேச 1961 ஜூலையில ரெண்டு தரப்பும் கூடின ஊர் ஃபும்பான். இந்த இடத்துல கொஞ்சம் நின்னுட்டுப் போகணும்.

ஃபும்பான் பமூம் ராஜ்ஜியத்தோட தலைநகர். அங்கே ராஜா இப்ராஹிம் நிஜோயா, 1896 வாக்குல, எங்க மொழிக்கு எழுத்து வேணும்னு தானே உட்கார்ந்து உருவாக்கினார். முதல்ல 500 குறி மாதிரி இருந்ததைத் திருத்தித் திருத்தி 1910 வாக்குல எண்பதுக்குக் கொண்டுவந்தார். நாம கோடு எழுதி ரீஃபேக்டர் பண்றோமே, அதேதான். அந்த எழுத்துலயே பள்ளிக்கூடம் நடத்தினார், நாட்டு வரலாறு எழுதினார். பிரெஞ்சுக்காரன் வந்ததும் பள்ளிக்கூடங்களை மூடினான், 1931ல அவரை யாவுண்டேவுக்கு நாடு கடத்தினான். ரெண்டு வருஷத்துல போய்ச் சேர்ந்துட்டார். அந்த ஊர்ல உட்கார்ந்துதான் 1961ல பிரெஞ்சுலயும் இங்கிலீஷ்லயும் கூட்டாட்சி பேசினாங்க. சொந்தமா எழுத்து செஞ்ச ஊருக்கு இதைவிட என்ன அவமானம் வேணும்!

அந்தக் கூட்டாட்சியும் பதினோரு வருஷம்தான். 1972ல ஒரு வாக்கெடுப்பு வெச்சு ஒற்றையாட்சி ஆக்கிட்டாங்க. 1984ல நாட்டுப் பேரையும் பழைய பிரெஞ்சுப் பகுதியோட பேருக்கே மாத்தியாச்சு. அப்போ அதிபரா இருந்த பால் பியா 1982லேர்ந்து நாற்காலியை விடலை. 2025 தேர்தல்ல, 92 வயசுல, எட்டாவது தடவையும் ஜெயிச்சதா அறிவிச்சாங்க.

2016 கடைசியில இங்கிலீஷ் பகுதி வக்கீல்களும் வாத்தியார்களும் தெருவுக்கு வந்தாங்க. எங்க சட்டமும் இங்கிலீஷும் தெரியாத ஜட்ஜையும் வாத்தியாரையும் அனுப்பாதீங்க, அவ்வளவுதான் கேட்டாங்க. அரசாங்கம் என்ன பண்ணுச்சு? 2017 ஜனவரி 17ஆம் தேதி அந்த ரெண்டு மாகாணத்துக்கும் இன்டர்நெட்டைப் பிடுங்கிடுச்சு. 93 நாள்!

நம்ம தொழில்ல இருக்கறவங்களுக்கு இதோட வலி தெரியும். அந்தப் பகுதியில புவெயான்னு ஒரு ஊர், கேமரூன் மலை அடிவாரம். சின்னச் சின்ன சாஃப்ட்வேர் கம்பெனிகள் சேர்ந்து 'சிலிக்கான் மலை'ன்னு பேரு வாங்கின இடம். அந்தப் பசங்க லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டு மாகாண எல்லைக்கிட்ட போனாகோங்கிற கிராமத்துல ரூம் எடுத்து, பக்கத்து மாகாணத்து சிக்னலைப் பிடிச்சு வேலை பார்த்தாங்க. அதுக்கு அவங்க வெச்ச பேரு 'இன்டர்நெட் அகதி முகாம்'. பமெண்டாவுல 17 வயசுப் பையன், கூகுள் கோட்-இன் போட்டியில ஆப்பிரிக்காவுலேர்ந்தே முதல் ஆளா பெரிய பரிசு ஜெயிச்சவன். கடைசித் தேதிக்கு மறுநாள் வலை போச்சு. நெட் பார்க்க 370 கிலோமீட்டர் தள்ளி யாவுண்டேவுக்குப் போனான். (நாம ரொம்பச் சிரிக்க வேணாம். காஷ்மீர்ல 2019 ஆகஸ்ட்ல போன அதிவேக நெட் திரும்பி வர 2021 பிப்ரவரி ஆச்சு.)

அப்புறம் துப்பாக்கி வந்தது. 2017 அக்டோபர்ல 'அம்பஸோனியா'ன்னு தனிநாடு அறிவிச்சாங்க. அதுக்காக அவங்களை நான் தலையில தூக்கி வெச்சுக்கப் போறதில்லை. ஊரைக் கொளுத்தினது ராணுவம்னா, பள்ளிக்கூடத்தைத் திறக்காதேன்னு வாத்தியாரையும் பசங்களையும் கடத்தினது இவங்க. 2020 பிப்ரவரியில ங்கர்பு கிராமத்துல குழந்தைகளைச் சேர்த்துக் கொன்னதுல தன் ராணுவத்துக்குப் பங்கு உண்டுன்னு அரசாங்கமே ஒத்துக்கிச்சு. அதே வருஷம் அக்டோபர்ல கும்பாவுல ஆயுதக்காரங்க வகுப்பறைக்குள்ள புகுந்து சுட்டாங்க. பிள்ளைகளுக்கு இங்கிலீஷ்ல நல்ல படிப்பு வேணும்னு ஆரம்பிச்ச போராட்டம், வருஷக்கணக்குல பிள்ளைகளுக்குப் படிப்பே இல்லாமப் பண்ணிடுச்சு.

காட்டு விஷயத்திலயும் இதே புத்திதான். டுவாலாவுக்கு வடகிழக்கே எபோ காடு, கொரில்லாவும் சிம்பன்சியும் இருக்கற இடம். பானென் மக்களோட மூதாதையர் மண்ணும் அதுதான். 2020ல அங்கே மரம் வெட்ட உத்தரவு. எதிர்ப்பு கிளம்பவும் ஆகஸ்ட்ல வாபஸ். 2023ல மறுபடியும் அதே வேலை. சுற்றுலா போஸ்டர்ல கொரில்லா படம் போடறவங்க செய்யற காரியமா இது? பன்முகம்னு படம் காட்டறதுக்கு அஞ்சு பைசா செலவில்லை. ஒரு ஜட்ஜை மாத்தறதுக்கும், ஒரு காட்டைச் சும்மா விடறதுக்கும்தான் மனசு வரமாட்டேங்குது.

கொசுறு: நிஜோயாவோட எழுத்துக்கு 2009ல யூனிகோட் 5.2ல இடம் கிடைச்சது. 88 குறிகள். நம்ம தமிழுக்கு அப்போ அங்கே 72தான் இருந்துச்சு :-) அவர் திருத்தித் தள்ளின பழைய குறிகளையும் விடாம அடுத்த வருஷம் 569 இடம் கொடுத்துச் சேர்த்துட்டாங்க.